அம்பு முதல் சுரண்டல் சீட்டு வரை

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப் பாதையின் மீது அமைந்துள்ளது பொம்மிடி. தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைப் புகைவண்டியில் செல்வோர் சாளரத்தின் வழியே ஒரு கணம் கண்டு, மறுகணம் மறந்துவிடுவர். மரவள்ளியும் கரும்பும் விளையும் மண். வானத்தைப் பார்த்து வாழும் மக்கள். மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி தேடிப் புறப்படும் குடும்பங்கள் இப்பக்கத்தில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

1990-களின் தொடக்கத்தில், மதரஸாவில் ஓதி முடித்த புதிதில், இவ்வூரில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் நாம் சில காலம் இருந்தோம். அந்நாளில் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு வரும் வழியில் ஒரு சிறு தட்டிக்கடை இருந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிற்றில் நாகாலாந்து, சிக்கிம், மணிப்பூர், பூட்டான் எனப் பல பெயர் தாங்கிய பரிசுச் சீட்டுகள் தோரணம் போலத் தொங்கும். அவற்றோடு, குலுக்கல் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாத புதுவகைச் சீட்டு ஒன்றும் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறப் பூச்சை நாணயத்தின் விளிம்பாலோ கட்டைவிரல் நகத்தாலோ சுரண்டினால் எண் தெரியும். அந்த இடத்திலேயே வெற்றியும் தோல்வியும் தெரிந்துவிடும். மக்கள் அதற்குச் சுரண்டல் லாட்டரி என்று பெயரிட்டனர். வேறு எந்தப் பெயரும் அதற்கு இத்துணைப் பொருத்தமாக அமைந்திராது.

கடைக்காரர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பெரியவர். ஐவேளைத் தொழுகையில் முதல் வரிசையை விடாதவர். கை நீட்டியவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் நம்மை ஓரமாக அழைத்துக் கேட்டார்: “ஹஜ்ரத், நான் சாராயம் விற்கவில்லை; பொய் சொல்லியும் விற்கவில்லை. இது சர்க்காரே அச்சடித்த சீட்டு. விழுந்தால் வாங்கியவனுக்கு லாபம். விழாத காசு நாட்டுக்குத்தானே போகிறது? இதில் என்ன குற்றம்?”

அவர் கேட்டதில் கபடம் இல்லை. ஆனால் நாம் சொன்ன விடையில் இருந்தது. “தவிர்த்துக் கொள்வது பேணுதல்” என்று மென்று விழுங்கிச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். பள்ளிவாசலில் பணிபுரிவோருக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்து உணவளிக்கும் வழக்கப்படி, வாரத்தில் ஒருநாள் நம் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்து கொண்டிருந்தது. அந்தச் சோறு நம் நாவைக் கட்டிப் போட்டது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை; அன்று சொல்லாமல் விட்டதற்கே வெட்கம். அவர் கேட்ட கேள்விக்கு வரலாறு என்ன விடை கூறுகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டகத்தின் பங்குகள்

அருள்மறை குர்ஆன் சூதாட்டத்தைக் குறிக்க ‘மைஸிர்’ என்னும் சொல்லை ஆள்கிறது. எளிமை எனப் பொருள்படும் ‘யுஸ்ரு’ என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர் மொழியறிஞர் சிலர். பிறர் பொருளை உழைப்பின்றி எளிதிற் பெறுவதால் அப்பெயர் என்பது அவர்கள் கருத்து. ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இரண்டாவது கருத்து நம்மை அறியாமைக் காலத்து அரபகத்துக்கே அழைத்துச் செல்கிறது.

அக்காலத்து மைஸிர் என்பது நாம் நினைப்பது போல மூலையில் பதுங்கி ஆடிய ஆட்டமன்று. குளிர் கடுமையாகிப் பஞ்சம் வாட்டும் நாட்களில், குலத்தின் செல்வர்கள் கூடுவார்கள். கொழுத்த ஒட்டகம் ஒன்று விலை பேசப்பட்டு அறுக்கப்படும். அதனைப் பத்துப் பங்காக வைப்பர் என்று சிலரும், இருபத்தெட்டுப் பங்காக வைப்பர் என்று அஸ்மயீ போன்றோரும் கூறுவர். பிறகு, அடையாளமிட்ட பத்து அம்புகளைத் தோல்பையில் இட்டுக் குலுக்கி, ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றாக உருவுவார்கள்.

அந்தப் பத்து அம்புகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஃபத், தவ்அம், ரகீப், ஹில்ஸ், நாஃபிஸ், முஸ்பில், முஅல்லா என்னும் ஏழும் முறையே ஒன்று முதல் ஏழு பங்கு வரை பெற்றுத் தருபவை. இவற்றைக் கூட்டினால் இருபத்தெட்டு வருவதைக் காணலாம். எஞ்சிய ஸஃபீஹ், மனீஹ், வக்து என்னும் மூன்றும் வெற்று அம்புகள். இவை யாருக்கு வந்தனவோ அவர்களே ஒட்டகத்தின் விலையைத் தர வேண்டும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு குதைபா இந்த அம்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸமக்ஷரீ தம் ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் இவற்றை வரிசையாக எடுத்துரைக்கிறார். மிகப் பெரிய பங்கைப் பெற்றவனைக் குறிக்க ‘முஅல்லா அம்பு அவனுக்கே’ என்னும் பொருள்படப் பேசும் வழக்கு அரபு மொழியில் இன்றும் வாழ்கிறது.

இனித்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி வருகிறது. வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. ஏழை எளியோருக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். தாம் உண்பதை இழிவாகக் கருதினார்கள். இந்த ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்ற செல்வனை ‘பரம்’ என்று இகழ்ந்தார்கள். ஈகைக் குணமற்ற கஞ்சன் என்பது அதன் பொருள். ஆக, அறியாமைக் காலத்து அரபியரின் கண்ணில் மைஸிர் ஒரு குற்றமன்று. அது ஒரு கொடை, ஒரு பெருமை, பஞ்ச காலத்துப் பொதுப்பணி!

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 219-ஆம் வசனத்தை ஓதினால், அதன் நீதி பளிச்செனத் தெரியும். மதுவையும் சூதையும் பற்றி மக்கள் கேட்டபோது, அவற்றில் பயனே இல்லை என்று இறைவன் கூறவில்லை. மனிதருக்குச் சில பயன்கள் அவற்றில் இருப்பதை ஏற்றுக்கொண்டு, எனினும் அவற்றின் பாவம் பயனைக் காட்டிலும் பெரிது என்று தீர்ப்பளித்தான். அந்தப் பயன் யாது? ஏழைகளுக்குக் கிடைத்த ஒட்டக இறைச்சியே என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். பின்னர் இறங்கிய ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் அதை முற்றாகத் தடுத்து, மக்களிடையே பகையையும் வெறுப்பையும் விளைவித்து இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் திருப்பிவிடுவது அதன் இயல்பு என்று காரணமும் காட்டின.

குலுக்கல் வேறு, சூது வேறு

“சீட்டுக் குலுக்குவதே தவறா?” என்று சிலர் வினவக்கூடும். அன்று. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததைத் திருமறையே கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானித்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. இதற்குக் ‘குர்ஆ’ என்று பெயர்.

நம் தமிழ் நாட்டு வரலாற்றிலும் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியத்து உறுப்பினரைத் தேர்ந்தனர்.

இவ்விடங்களில் எவரும் பணயம் வைக்கவில்லை. ஒருவன் பெறுவதற்காக மற்றவன் இழக்கவில்லை. சம உரிமை உடையோரிடையே மனத்தாங்கல் வாராமற் காக்கவே குலுக்கல் பயன்பட்டது. பலரும் பணத்தைக் கட்டி, அதில் ஒருவன் அள்ளிச் செல்ல, மற்றவர் வெறுங்கையோடு திரும்புவது எப்போது நிகழ்கிறதோ அப்போதே குலுக்கல் சூதாகிவிடுகிறது. பையிலுள்ளது அம்பாயினும் ஓலையாயினும் அச்சடித்த தாளாயினும் வேறுபாடில்லை.

தருமம் என்னும் போர்வை

அறியாமைக் காலத்து அரபியரோடு இக்கதை முடியவில்லை. சூது எந்நாட்டில் அரசவையேறியதோ, அந்நாட்டிலெல்லாம் தருமம் என்னும் போர்வையைப் போர்த்திக்கொண்டே ஏறியது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி துறைமுகங்களைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்று அறிவித்த பரிசுச் சீட்டு 1569-இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் முன் குலுக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வேண்டிய பொருள் 1753-இல் பரிசுச் சீட்டின் வாயிலாகவே திரட்டப்பட்டது. விளைந்த கேடுகளைக் கண்டு சலித்த அந்நாடு 1826-இல் அரசுப் பரிசுச் சீட்டை ஒழித்தது. 1994-இல் மீண்டும் அதற்கே திரும்பியது.

வணிகம் செய்ய வந்த கம்பெனியார் இந்தப் பழக்கத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தனர். கல்கத்தா நகர மண்டபம் 1813-இல் எழுந்தது பரிசுச் சீட்டுப் பணத்தில்தான். 1817-இல் ‘லாட்டரிக் கமிட்டி’ என்ற பெயராலேயே ஒரு குழு அமைக்கப்பட்டு, அந்நகரின் சாலைகளும் குளங்களும் சதுக்கங்களும் அக்குழுவின் பணத்தால் உருவாயின. 1836-இல் அம்முறை கைவிடப்பட்டது. 1870-ஆம் ஆண்டிலோ, அரசின் அனுமதியின்றிப் பரிசுச் சீட்டு நிலையம் நடத்துவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294-ஏ பிரிவின்படி குற்றமாக்கப்பட்டது. தனியார் செய்தால் குற்றம், அரசு செய்தால் திட்டம் என்னும் இரட்டை அளவுகோல் அன்றே பிறந்துவிட்டது.

கடல் கடந்து தமிழர் வாழும் நாடுகளிலும் இதுவே நிலை. இலங்கையில் தேசிய லொத்தர் சபை 1963-இல் அமைந்தது. சிங்கப்பூரில் சட்டவிரோதச் சூதைக் கட்டுப்படுத்தும் பொருட்டு என்று கூறி 1968-இல் அரசே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. நோக்கத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். பையும் அம்பும் மாறுவதில்லை.

விழுந்தால் வீட்டுக்கு

விடுதலை பெற்ற இந்தியாவில் மாநில அரசு நடத்தும் பரிசுச் சீட்டுக்கு வழிகாட்டியது கேரளம். 1967-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் நிதி அமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு சாகிப் அதைக் கொண்டுவந்தார். ஒரு ரூபாய்ச் சீட்டு. முதற்பரிசு ஐம்பதாயிரம் ரூபாய். முதற்குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று. அத்திட்டத்தை வடித்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆகவே அதையும் இங்குச் சொல்லி வைக்கிறோம்.

அதே 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் நம் மாநிலத்திலும் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கியது. ‘தமிழ்நாடு’ என்னும் பெயரே சட்டப்படி அப்போது வந்திருக்கவில்லை. 1969 ஜனவரியில்தான் வந்தது. மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது. மது வருவாயைத் தொடாமல் மக்கள் நலப் பணிகளுக்குப் பொருள் தேட வேண்டிய நெருக்கடி அரசுக்கு இருந்தது. அண்ணாவின் நோக்கத்தைக் குறை கூற நாம் வரவில்லை. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்னும் முழக்கம் அன்று பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. நம் கடைக்காரப் பெரியவர் கால் நூற்றாண்டு கழித்து நம்மிடம் கேட்ட கேள்வி இம்முழக்கத்தின் எதிரொலிதான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள்: அரபகத்து ஒட்டக ஆட்டமும் இதையேதான் சொன்னது. ‘வென்றால் பெருமை, தோற்றால் ஏழைக்கு இறைச்சி’ என்பதுதான் அதன் உட்பொருள். வேறுபாடு ஒன்று உண்டு. அது நமக்குச் சாதகமானதன்று. அங்கே பணயம் வைத்தவர்கள் செல்வர்கள். பயன் பெற்றவர்கள் ஏழைகள். இங்கே பணயம் வைத்தவர்கள் யார்? பொம்மிடிக் கடைமுன் நின்றவர்களை நாம் கண்ணாரக் கண்டோம். மரவள்ளி பிடுங்கிக் கூலி வாங்கியவர், மூட்டை தூக்கியவர், மாட்டு வண்டி ஓட்டியவர், பெங்களூரிலிருந்து கட்டட வேலை முடிந்து வண்டியிலிருந்து இறங்கியவர் ஆகியோரே அவர்கள். நிலமும் தோப்பும் உடையவர் ஒருவர்கூட அங்கு நின்று நாம் பார்த்ததில்லை. செல்வனிடமிருந்து ஏழைக்குச் சென்ற பழைய ஆட்டம், ஏழையிடமிருந்து அச்சகத்துக்கும் முகவருக்கும் கருவூலத்துக்கும் செல்லும் புதிய ஆட்டமாகத் தலைகீழாகப் புரண்டுவிட்டது.

ஏழைக்கு இறைச்சி தந்த மைஸிரையே இறைவன் பாவம் என்றான் எனில், ஏழையின் கூழைப் பறிக்கும் மைஸிரின் நிலை என்ன? சட்டக்கலை வல்லார் இதனைக் ‘கியாஸ் அவ்லா’ என்பர். சிறியது தடுக்கப்பட்டால் பெரியது அதனினும் முன்னதாகத் தடுக்கப்படும் என்பது அதன் கருத்து.

பூச்சுக்குப் பின்னே

சுரண்டல் சீட்டு மற்ற சீட்டுகளைவிடக் கொடியது. 1974-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கணிப்பொறி அறிந்தோர் வகுத்த முறை அது. எச்சீட்டில் பரிசு உண்டு, எதில் இல்லை என்பது அச்சகத்திலேயே முடிந்துவிடும். சுரண்டுகிறவன் தன் கைராசியைச் சோதிப்பதாக எண்ணுகிறான். உண்மையில் முன்னரே எழுதப்பட்ட தோல்வியைத் தன் நகத்தாலேயே திறந்து பார்க்கிறான்.

பழைய சீட்டில் வாங்கும் நாளுக்கும் குலுக்கும் நாளுக்கும் இடையே சில நாட்கள் உண்டு. அந்த இடைவெளியில் மனிதன் வேலைக்குச் செல்வான், தொழுவான், மனைவியின் சொல்லைக் கேட்பான். சுரண்டல் சீட்டு அந்த இடைவெளியை அழித்தது. தோற்றவுடன் அடுத்த சீட்டு. ஐந்து ரூபாய் விழுந்தால் அதற்கும் சீட்டு. இரண்டு எண் பொருந்தி மூன்றாவது எண் தவறினால், ‘கைக்கு வந்தது நழுவிப் போயிற்று’ என்னும் ஏக்கம். கடைவாயிலில் உதிர்ந்து கிடந்த சாம்பல் துகள்களும் கிழித்தெறிந்த சீட்டுகளும், நம்மிடம் ஓத வரும் சிறுவர்களுக்கு விளையாட்டுப் பொருளாயின. மதரஸாத் திண்ணையில் அவற்றை வைத்துக் ‘கடை’ விளையாடியதையும் நாம் கண்டோம்.

இதன் கணக்கை எளிதாகப் பார்க்கலாம். கணக்கிற்காக, விற்ற பணத்தில் சரிபாதி பரிசாகத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஊரார் கூடிப் பத்து லட்சம் ரூபாய்க்குச் சீட்டு வாங்குகின்றனர். ஐந்து லட்சம் திரும்புகிறது. அதையும் சீட்டிலேயே இட்டால் இரண்டரை லட்சம் திரும்பும். இவ்வாறு பத்துச் சுற்று முடிந்தால் அந்த ஊரின் கையில் எஞ்சுவது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. இடையில் ஒருவன் வென்றிருப்பான். அவன் படம் கடையில் ஒட்டப்பட்டிருக்கும். இழந்தவர்களின் படத்தை யார் ஒட்டுவார்?

சூதில் வரும் வெற்றியையே மீனைப் பிடிக்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். ‘கள்ளுண்ணாமை’யைக் குறளின் 93-ஆம் அதிகாரமாகவும், ‘சூது’ என்பதை 94-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அவர் அமைத்திருப்பது நம் நெஞ்சைத் தொடுவதாகும். திருமறையும் மதுவையும் சூதையும் ஒரே மூச்சிலே சேர்த்துக் கூறுகிறது. காலத்தாலும் மொழியாலும் வேறுபட்டு நிற்கும் இரண்டு அறங்கள், இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் உடன்படுகின்றன.

ஒரு கதவு மூட, ஒரு கதவு திறந்தது

இந்த உறவைத் தமிழகத்தின் அண்மைக்கால வரலாறும் மெய்ப்பிக்கிறது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1975-இல் கலைஞர் ஆட்சியிலேயே அரசுப் பரிசுச் சீட்டும் நிறுத்தப்பட்டது. பின்னர் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது மீண்டும் உயிர் பெற்றது. பிற மாநிலச் சீட்டுகளும் வெள்ளம்போல் புகுந்தன.

அவற்றை ஏன் தடுக்க முடியவில்லை? மாநில அரசுகள் நடத்தும் பரிசுச் சீட்டு அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 40-ஆம் இனமாகவும், பொதுவான சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனமாகவும் பிரிந்து கிடக்கின்றன. 1998-இல் மத்திய அரசு பரிசுச் சீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, ஒற்றை எண்ணைக் கொண்டு பரிசளிப்பதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இரண்டு கருத்துகளைத் தெளிவுறுத்தியது. அரசு நடத்தினும் பரிசுச் சீட்டு சூதாட்டமே என்பது ஒன்று. பிற மாநிலச் சீட்டைத் தடை செய்ய விரும்பும் மாநிலம் முதலில் தன் சீட்டைக் கைவிட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ‘சர்க்கார் சீட்டுத்தானே’ என்று நம் பெரியவர் கேட்டதற்கு, நாம் சொல்லத் தயங்கிய விடையை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி எல்லாப் பரிசுச் சீட்டுகளையும் தமிழகத்தில் தடை செய்தது. கயிற்றுத் தோரணங்கள் அறுந்தன. ஆனால் அதே 2003-ஆம் ஆண்டின் இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை வாசலில் தடுத்து, மற்றொன்றைக் கூடத்தில் அமர்த்திக்கொண்ட கதையாயிற்று.

தடுக்கப்பட்டதும் முற்றிலும் போய்விடவில்லை. கேரளச் சீட்டின் முடிவில் வரும் கடைசி எண்களை வைத்து மறைவில் நடக்கும் ‘மூன்று நம்பர்’ ஆட்டம் முளைத்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த ஆட்டத்தில் கைப்பொருள் இழந்து கடன்பட்ட ஒரு தொழிலாளியின் குடும்பமே அழிந்த செய்தி தமிழகத்தை உலுக்கியது. அடுத்து, சூது கைப்பேசிக்குள் குடியேறியது. 2022-இல் தமிழகச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. சட்டம் நடக்கிறது, சூது ஓடுகிறது.

இன்று கடைக்குப் பணம் அனுப்பினால் கைப்பேசித் திரையில் ஓர் அட்டை தோன்றுகிறது. விரலால் சுரண்டச் சொல்கிறது. நம் வீட்டுச் சிறுவர்கள் அதைச் சுரண்டப் போட்டியிடுகின்றனர். அதில் பணயம் இல்லாதபோது அதைச் சூது என்று நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். தீர்ப்பில் வரம்பு மீறுவதும் பிழையே. ஆயினும், அந்தப் பிஞ்சு விரல் எதற்குப் பழகுகிறது என்று தாய்மார்கள் சிந்திக்க வேண்டும். திண்ணையில் ‘கடை’ விளையாடிய சிறுவர்களின் நினைவு நமக்கு வருகிறது.

காலங்கடந்த விடை

நம் கடைக்காரப் பெரியவர் இன்று இவ்வுலகில் இல்லை. தடை வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் அக்கடையை விட்டுவிட்டு, அதே இடத்தில் பழம் விற்றார். எவர் சொல்லியும் விடவில்லை. ஓதப் பள்ளிக்கு வந்த தம் பேரனின் கையில் சாம்பல் துகள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததாகவும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் பின்னொரு நாள் நம்மிடம் சொன்னார். “நீங்கள் அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் போயிருக்காது ஹஜ்ரத்” என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கூடையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து நம் கையில் வைத்தார்.

“வா, சூதாடுவோம்” என்று தோழனை அழைத்துவிட்டவன்கூட அதற்கு ஈடாக ஏதேனும் தருமம் செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக நபிமொழி உண்டு. வாயால் அழைத்ததற்கே பரிகாரம் தேவையெனில், சொல்ல வேண்டிய இடத்தில் வாய்மூடி நின்றதற்கு என்ன பரிகாரம்? பாவத்தில் ஒருவருக்கொருவர் துணைபோக வேண்டாம் என்று திருமறை எச்சரிக்கும்போது, அது விற்பவனை மட்டுமா நோக்குகிறது? விற்பவன் வீட்டுச் சோற்றை உண்டு மௌனம் காத்தவனையும் நோக்குகிறது. இக்கட்டுரை அந்தக் கடனின் ஒரு தவணை.

பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான்: விழாத காசு நாட்டுக்குப் போகிறதா என்பதை மட்டும் கேட்டால் போதாது, அது எந்த அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ஏழைக்குச் சோறிட்ட ஒட்டக ஆட்டமே அந்தக் கேள்வியின் முன் நிற்க இயலாமல் வீழ்ந்தது. பொதுநன்மையின் பெயரால் அது மீண்டும் நம் வாசலுக்கு வருமாயின், பெயரை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிடாத தெளிவையும், கேட்டவருக்குக் கேட்ட அன்றே விடை சொல்லும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!